வெப்ப நாட்டில் பீரைக் காத்த கதை

விடியற்காலையிற் பனையிலிருந்து இறக்கப்படும் கள் இனிமையும் நுரையும் உடையது. உச்சிப் பொழுதில் அது கடுக்கத் தொடங்கும், மறுநாட் புளிக்கும், சில நாட்கள் சென்றால் வினாகிரியாகிவிடும். வெப்பமும் காற்றும் கலந்து செய்யும் இவ்வேலையைப் பனை நாட்டு மக்கள் நன்கு அறிந்திருந்தனர். அறிந்து அதற்கேற்ப நடந்தும் கொண்டனர். இனிப்பு வேண்டியபோது முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவிக் கருப்பநீர் இறக்கினர். அதனைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கி மாதக்கணக்கில் வைத்துக்கொண்டனர். புளிப்பு வேண்டியபோது கள்ளை வினாகிரியாக விட்டனர். வெறி வேண்டியபோது அதனை வடித்துச் சாராயமாக்கினர். கள்ளைக் கள்ளாகவே நெடுநாட் காத்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. நாளைக்கு வேண்டிய கள்ளை நாளை மரம் தரும் என்பது அவர்களது நம்பிக்கை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியக் கரைகளிற் கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய ஆங்கிலேயருக்கு இந்த நிம்மதி இருக்கவில்லை. அவர்கள் விரும்பிய பானம் பீர். அது வாற்கோதுமையை முளைக்கச்செய்து, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, ஹொப் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சி, மதுவத்தினால் நொதிக்கவைக்கப்படுவது. குளிர் நாட்டில் உண்டாகிக் குளிர் நாட்டு நிலவறையில் வளர்ந்த பானம் அது. அதனை ஆறு மாதக் கடற்பயணத்திற் கொண்டுவந்து, நிழலிற்கூட முப்பது பாகைக்கு மேற் காயும் வீடுகளில் எவ்வாறு வைத்திருப்பது என்பதே அவர்களுக்கு எழுந்த வினா. இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு வணிகம், விஞ்ஞானம், தொழில் ஆகிய பல துறைகளை ஊடறுத்துச் செல்கின்றது. குடிப்பழக்கத்தை விதந்துரைப்பது இவ்வரலாற்றைக் கூறுவதன் நோக்கமன்று. வெப்பத்தோடு மனிதன் நடத்திய நீண்ட வழக்கில் இதுவும் ஓர் அத்தியாயம் என்பதனாலேயே இது கூறத் தகுந்ததாகின்றது.

முதலில் இங்கிலாந்தின் வழக்கத்தை நோக்குவோம். அக்காலத்து இங்கிலாந்திற் கோடைகாலத்திற் பீர் காய்ச்சுவது ஆபத்தான வேலை. வெப்பம் மிகுந்தால் நொதித்தல் கட்டுக்கடங்காமற் போகும், பானம் புளித்துவிடும். எனவே புதிய வாற்கோதுமையும் புதிய ஹொப்பும் கைக்கு வந்து, காற்றும் குளிரத் தொடங்கும் ஒக்டோபர் மாதத்திலேயே சிறந்த பீர் காய்ச்சப்பட்டது. செல்வர்களின் நாட்டுப்புற மாளிகைகளில் இவ்வாறு காய்ச்சிய வலிய பீரைப் பீப்பாயில் அடைத்து, நிலவறையில் ஓர் ஆண்டு, ஈராண்டு, சில வேளைகளில் அதற்கும் மேலாக வைத்திருப்பர். நிலத்தின் கீழுள்ள அவ்வறையிற் கோடைக்கும் மாரிக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. அங்கே பீரின் முரட்டுத்தன்மை மெல்ல அடங்கும், கசப்பு இளகும், சுவை தெளியும். வீட்டிற் பீரை முதிரவைத்தல் என்பது அவர்களுக்குப் பழகிய கலையாகவே இருந்தது. அக்கலை முழுவதும் நிலவறையின் குளிர்ச்சியையே நம்பியிருந்தது.

அந்த நிலவறையைக் கப்பலில் ஏற்ற முடியாது. லண்டன் துறையை விட்டுப் புறப்பட்ட கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்திலே தெற்கு நோக்கிச் சென்று, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மீண்டும் வடக்கே திரும்பி, சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ வந்துசேர நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை சென்றன. இடையிற் பூமத்திய ரேகையை அது இருமுறை கடந்தது. கப்பலின் அடித்தட்டிற் கிடந்த பீப்பாக்கள் குளிரிலிருந்து கடும் வெப்பத்துக்கும், அதிலிருந்து தென்கடலின் குளிருக்கும், மறுபடியும் வெப்பத்துக்கும் மாறிமாறி உட்பட்டன. அலைகள் அவற்றை இரவும் பகலும் ஆட்டிக்கொண்டிருந்தன.

இவ்விடத்திற் பலரும் கூறிவரும் கதை ஒன்று உண்டு. இந்தியாவுக்கு அனுப்பிய பீர் எல்லாம் வழியிற் கெட்டுப்போயிற்று என்றும், லண்டனின் கிழக்கே போ என்னுமிடத்திற் காய்ச்சுசாலை நடத்திய ஜோர்ஜ் ஹொட்ஜ்சன் என்பவர் அதனைக் கண்டு மனம் வருந்தி, ஹொப்பையும் மதுசாரத்தையும் கூட்டிப் புதியதொரு பீரைக் கண்டுபிடித்தார் என்றும், அதுவே இந்தியா பேல் ஏல் என்றும் அக்கதை கூறும். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் வரலாற்றுச் சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. ஹொட்ஜ்சன் காய்ச்சுசாலையைத் தொடங்கியது 1752ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே பலவகைப் பீர்கள் இந்தியாவுக்கு வந்து நல்ல நிலையில் விலைப்பட்டன. போட்டர் எனப்படும் கரிய பீரும் பெருமளவில் வந்தது. படைவீரர் விரும்பிக் குடித்தது பெரும்பாலும் அதையே. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹொப்பைக் கூடுதலாகச் சேர்த்தல் வேண்டும் என்பது 1760களிலேயே காய்ச்சுவோர் பலரும் அறிந்த பொது அறிவாக இருந்தது. அது தனியொருவர் கண்டுபிடித்த மறைபொருள் அன்று.

அப்படியாயின் ஹொட்ஜ்சன் பெற்ற வெற்றிக்குக் காரணம் யாது? அவருடைய காய்ச்சுசாலை, கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பல்கள் தங்கிய பிளாக்வோல் துறைக்கு அண்மையில் இருந்தது. அக்கப்பல்களின் தலைவர்களும் அதிகாரிகளும் தம் சொந்த வணிகத்துக்காகக் குறிப்பிட்ட அளவு சரக்கை ஏற்றிச்செல்லக் கொம்பனி அனுமதி அளித்திருந்தது. பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, கண்ணாடிப் பொருள்கள் ஆகியவற்றோடு பீரையும் அவர்கள் கொண்டுசென்று விற்றனர். ஹொட்ஜ்சன் அவர்களுக்குப் பன்னிரண்டு முதற் பதினெட்டு மாதங்கள் வரை கடன் தவணை கொடுத்தார். விற்றுத் திரும்பிவந்து பணம் செலுத்தினாற் போதும். பக்கத்திற் கிடைக்கும் சரக்கு, நீண்ட தவணை, இவ்விரண்டுமே அவர் பெயரைக் கல்கத்தா வரை கொண்டுசென்றன. அவர் அனுப்பிய வெளிர்நிறப் பீர், நாட்டுப்புற மாளிகைகளில் முதிரவைக்கப்பட்ட அந்த ஒக்டோபர்ப் பீரின் இனத்தைச் சேர்ந்தது. ஹொப் மிகுந்தும் இனிப்புக் குறைந்தும் இருந்தமையால், நெடும்பயணத்தைத் தாங்கும் தகுதி அதற்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

பயணம் அதனைக் கெடுக்கவில்லை, முதிரச்செய்தது. இங்கிலாந்தின் நிலவறையில் ஈராண்டிற் பெறவேண்டிய முதிர்ச்சியைப் பீர் அரையாண்டுக் கடற்பயணத்திற் பெற்று, கல்கத்தாவில் தெளிந்தும் நுரைத்தும் வந்திறங்கியது. இதன் காரணம் அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. 1904ஆம் ஆண்டிலேயே கொப்பனேகனிலுள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிளவுசன் என்னும் விஞ்ஞானி, இங்கிலாந்தின் முதிர்ந்த பீர்களில் வாழும் ஒருவகை மதுவத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். பிரெட்டனோமைசெஸ் எனப் பெயர்பெற்ற அம்மதுவம், முதல் நொதித்தலில் எஞ்சிய மாப்பொருளின் சிதைவுகளையும் மெல்ல மெல்ல உண்டு, பீரை உலர்ந்த சுவையுடையதாக்குகின்றது. மரப்பீப்பாயின் துளைகளிற் குடியிருந்த அந்த நுண்ணுயிருக்கு வெப்பமண்டலக் கடல் உகந்த இடமாயிற்று. கேடு செய்யும் இலற்றிக் அமிலப் பற்றீரியாவை ஹொப்பின் கசப்புப் பொருள் அடக்கிவைத்தது. வினாகிரி ஆக்கும் பற்றீரியாவை ஹொப் அவ்வளவாக அடக்காது; ஆனால் அதற்குக் காற்று வேண்டும். இறுக அடைத்த பீப்பாய் அக்காற்றை மறுத்தது. இவ்வாறு ஹொப்பு ஒரு காவலாகவும் அடைப்பு மறு காவலாகவும் நின்றன.

பீரின் உண்மையான சோதனை கரையிறங்கிய பின்னரே தொடங்கியது. ஏறக்குறைய 245 லீற்றர் கொள்ளும் பெரிய பீப்பாக்களில் வந்த பீரைத் துறைமுக நகரிற் போத்தல்களில் அடைத்தனர். அடைத்த போத்தல்கள் பண்டகசாலையிலும், பின்னர் அதிகாரிகளின் பங்களாக்களிலும், படைமுகாம்களிலும் மாதக்கணக்கிற் கிடந்தன. கப்பலில் ஆறு மாதம் நண்பனாயிருந்த வெப்பம் இங்கே பகையாயிற்று. முதிர்ச்சி என்பது ஓர் எல்லை வரையில் நலம். எல்லை கடந்தால் அதுவே மூப்பு. வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. பன்னிரண்டு பாகை நிலவறையில் ஓராண்டில் நிகழும் மூப்பு, முப்பத்திரண்டு பாகைக் கிடங்கில் மூன்று மாதத்தில் நிகழ்ந்துவிடும். போத்தலினுள் அகப்பட்ட சிறிதளவு காற்றும் பீரைத் தாக்கி, நனைந்த கடதாசியின் வாடையை அதற்குக் கொடுக்கும். தக்கை உலர்ந்து சுருங்கினால் நுரைக்கும் வாயு வெளியேறும், வெளிக்காற்று உட்புகும். வெயில் பட்டாலோ ஹொப்பின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் வீசும். வெளிறிய போத்தலிலும் பச்சைப் போத்தலிலும் இக்கேடு விரைந்து வரும். கபிலநிறப் போத்தல் ஓரளவு காக்கும்.

பகலிற் சூடேறி இரவிற் குளிரும் அறையும் நல்லதன்று. சூடேறும்போது போத்தலுக்குள் அழுத்தம் மிகும், குளிரும்போது குறையும், இந்த ஏற்றஇறக்கம் தக்கையை மெல்லத் தளர்த்திவிடும். ஆகவே தடித்த சுவரும் சிறிய சாளரமும் உடைய இருண்ட கிடங்கே சிறந்த இடமாயிற்று. வெப்ப நாட்டில் நிலவறைக்கு மிக அண்மையில் வரக்கூடியது அதுவே. அதனாலும் பீரைக் காக்க மட்டுமே முடிந்தது. குடிக்கத்தக்க குளிர்ச்சியை அதனாற் கொடுக்க முடியவில்லை. அக்குளிர்ச்சியைக் கொடுத்தவர் பங்களாவிற் பணிபுரிந்த ஓர் இந்தியத் தொழிலாளி. அவரை ஆப்தார் என்று அழைத்தனர்.

ஆப்தார் என்பது பாரசீகச் சொல். நீரைப் பொறுப்பேற்றிருப்பவர் என்பது அதன் பொருள். முகலாயர் அரண்மனையிலிருந்து கொம்பனி அதிகாரிகளின் வீட்டுக்கு வந்த பதவி அது. குடிநீர், திராட்சை மது, பீர் ஆகியவற்றைக் குளிர்விப்பது அவரது தொழில். அதற்கு அவர் பயன்படுத்திய பொருள் வெடியுப்பு. துப்பாக்கி மருந்து செய்ய ஐரோப்பியர் பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச்சென்ற அதே வெடியுப்புத்தான். அதனை நீரிற் கரைத்தால், கரையும்போது அது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீர் பத்துப் பாகைக்கு மேலாகவும் குளிர்ந்துவிடும். அக்பர் பேரரசரின் அமைச்சரான அபுல் பசல் எழுதிய ஆயினி அக்பரி என்னும் நூலில் இம்முறை அளவோடு குறிக்கப்பட்டுள்ளது. ஒரு சேர் நீரை உலோகக் கூசாவில் ஊற்றி வாயை அடைக்க வேண்டும். வேறொரு பாத்திரத்தில் ஐந்து சேர் நீரில் இரண்டரைச் சேர் வெடியுப்பைப் போட்டு, அக்கலவையினுள்ளே கூசாவைக் கால் மணிநேரம் சுழற்ற வேண்டும். உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இக்குறிப்பிலே கூசாவுக்குப் பதிலாகப் பீர்ப் போத்தலை வைத்துவிட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தா ஆப்தாரின் தொழில் நம் கண்முன் நிற்கும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினும், செய்கையில் நுட்பம் மிகுந்த வேலை இது. உப்பை ஒரேயடியாகக் கொட்டினால் அடியிற் கட்டியாகும்; சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். போத்தலை வேகமாகச் சுழற்றினால் அடியில் தங்கிய மண்டி கலங்கிப் பீர் கெடும். மெதுவாகச் சுழற்றினாற் குளிர் ஏறாது. நேரம் தவறினால் கலவை மீண்டும் சூடாகிவிடும். பயன்படுத்திய நீரை வீணாக்காமற் காய்ச்சி வற்றவைத்து, உப்பை மறுபடியும் பளிங்காக எடுத்துக்கொள்ள முடியும். இவற்றையெல்லாம் நூலிற் படித்து அறிதல் அரிது. கை அறிந்திருக்க வேண்டும். விருந்துக்குச் சென்ற துரைமார் சிலர் தம் ஆப்தாரையும் உடன் அழைத்துச் சென்றமை அக்கையின் மதிப்பைக் காட்டும்.

வெடியுப்புக்கு வசதியில்லாத இடங்களில் ஈரத்துணி உதவியது. போத்தலைச் சுற்றி நனைந்த துணியைக் கட்டிக் காற்றில் வைத்தால், நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுசெல்லும். மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதே விதியினாலேதான். வட இந்தியாவிற் கோடையில் வீசும் வறண்ட அனற்காற்று இதற்கு மிகவும் உகந்தது. கொழும்பு போன்ற ஈரக்காற்றுள்ள கடற்கரை ஊர்களிலோ துணி எளிதில் உலராது. குளிர்ச்சியும் குறைவாகவே கிடைக்கும். வெப்பநாடு என்று ஒரே சொல்லாற் கூறிவிடுகின்றோம். ஆனால் வறண்ட வெப்பம் வேறு. ஈர வெப்பம் வேறு. ஓரிடத்து உபாயம் மற்றோரிடத்திற் பலிப்பதில்லை.

1820களில் இங்கிலாந்திலே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஹொட்ஜ்சன் குடும்பத்தார் கடன் தவணையை நிறுத்தி, தாமே கப்பலேற்றி விற்கவும் முயன்றனர். கப்பல் தலைவர்களும் கொம்பனியாரும் சினங்கொண்டனர். கொம்பனியின் இயக்குநர்களில் ஒருவரான மார்ஜோரிபாங்ஸ் என்பவர், பேர்ட்டன் நகரத்துச் சாமுவேல் அல்சொப் என்னும் காய்ச்சுவோரை அணுகி, ஹொட்ஜ்சனின் பீரைப்போல ஒன்றைச் செய்யுமாறு தூண்டினார். பேர்ட்டன் நகரத்துக் கிணற்றுநீரில் ஜிப்சம் மிகுதி. அந்நீரிற் காய்ச்சிய பீர் மேலும் வெளிர்ந்தும் தெளிந்தும், ஹொப்பின் கசப்புச் செம்மையாக வெளிப்படும் தன்மை உடையதாகவும் இருந்தது. அல்சொப்பைத் தொடர்ந்து பாஸ் என்பாரும் இந்திய வணிகத்தில் இறங்கினர். பத்து ஆண்டுக்குள், அதாவது 1832–33ஆம் ஆண்டளவில், வங்காளத்துக்கு வந்த பீரிற் பாஸ் நிறுவனத்தின் பங்கு ஹொட்ஜ்சனின் பங்கை விஞ்சிவிட்டது. கிழக்கிந்தியப் பேல் ஏல் என்ற பெயரும் இக்காலத்திலேயே வழங்கத் தொடங்கியது. 1829ஆம் ஆண்டு சிட்னி நகரத்துப் பத்திரிகை விளம்பரம் ஒன்றில் அப்பெயர் காணப்படுகின்றது.

அதே 1833ஆம் ஆண்டில், ஆப்தாரின் தொழிலை அசைத்த நிகழ்ச்சியும் நடந்தது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டியூடர், மாரிகாலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியை ரஸ்கனி என்னும் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். மே மாதத்தில் 180 தொன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட கப்பல், பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, செப்டெம்பர் மாதத்தில் ஏறக்குறைய 100 தொன்னுடன் வந்துசேர்ந்தது. கல்கத்தாவாசிகள் வியந்தனர். பனிக்கட்டிக்குச் சுங்கவரி விலக்கப்பட்டது. அதனைச் சேமிக்கப் பொதுமக்கள் பணம் திரட்டிக் களஞ்சியம் கட்டினர். பின்னர்ச் சென்னைக் கடற்கரையிலும் 1842ஆம் ஆண்டில் ஒரு பனிக்கட்டிக் களஞ்சியம் எழுந்தது. இயந்திரத்தினாற் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் அவ்வணிகம் அழிந்தது. களஞ்சியக் கட்டடம் கைமாறியது. 1897ஆம் ஆண்டிற் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்பொழுது அது விவேகானந்தர் இல்லம் என வழங்குகின்றது. ஆயினும் அப்பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர்.

இலங்கையிலும் 1866ஆம் ஆண்டிற் கொழும்பு ஐஸ் கொம்பனி தொடங்கியது. பின்னாளில் எலிபன்ட் ஹவுஸ் என்று யாவரும் அறிந்த இலங்கைக் குளிர்க்களஞ்சிய நிறுவனம் தன் தோற்றத்தை அவ்வாண்டிலேயே குறிக்கின்றது.

பீரைக் குளிர்விக்கும் தொல்லைக்கு மற்றொரு விடையும் கண்டனர். குளிர்ச்சியைப் பீரிடம் கொண்டுவருவதற்குப் பதிலாகப் பீரைக் குளிர்ச்சியிடம் கொண்டுசெல்லலாம் அன்றோ? இமயமலைச் சாரலிற் கசௌலியிலும், 1860ஆம் ஆண்டில் மறி மலையிலும் காய்ச்சுசாலைகள் நிறுவப்பட்டன. இலங்கையில் ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில், 1848ஆம் ஆண்டிற் சாமுவேல் பேக்கர் ஒரு குடியிருப்பைத் தொடங்கினார். நைல் நதியின் மூலத்தைத் தேடிச்சென்று பின்னர்ப் புகழ்பெற்றவர் அவரே. அவருடைய குடியிருப்பிலே மலைநீரைக்கொண்டு பீர் காய்ச்சப்பட்டது. 1881ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் காய்ச்சுசாலை வணிக முறையில் நிலைபெற்றது. கோப்பித் தோட்டங்கள் நோயினால் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. வாற்கோதுமை முளையும் ஹொப்பும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தன. எனினும் நொதித்தலுக்கு வேண்டிய குளிர்ச்சியை மலை இலவசமாகத் தந்தது. நூறு ஆண்டுக்கு மேல் அங்கே நடைபெற்ற வேலை, 1990களிற் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு மாறியது. வெப்பமான தாழ்நிலத்துக்கு அது இறங்கிவர முடிந்தமைக்கு ஐரோப்பாவிற் செய்யப்பட்ட மூன்று விஞ்ஞானப் பணிகள் காரணமாயின.

முதலாவது, பாஸ்டரின் பணி. 1870–71ஆம் ஆண்டுப் போரிற் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றபின், ஜெர்மன் பீரை வெல்லும் பீரைத் தம் நாடு செய்தல் வேண்டும் என்ற முனைப்போடு அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். 1876ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பீர் பற்றிய நூல், பீர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை நிலைநாட்டியது. அடைத்த போத்தலைக் கொதிநிலைக்குக் கீழே ஓரளவு சூடாக்கினால் அவை மடியும் என்பதும் தெளிவாயிற்று. இரண்டாவது, ஜெர்மனியிற் கார்ல் வொன் லிண்டே 1870களிற் செய்த குளிரூட்டும் இயந்திரம். அது முதலிற் சேவை செய்ததும் மியூனிக் நகரத்துக் காய்ச்சுசாலை ஒன்றிலேதான். மூன்றாவது, கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் 1883ஆம் ஆண்டில் ஒரேயொரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தமை. இம்மூன்றும் கூடியபோது உலகின் எம்மூலையிலும், எப்பருவத்திலும், ஒரே சுவையுடைய பீரைச் செய்ய முடிந்தது.

இவ்வாறு வெப்ப நாடுகளை வென்ற பீர் லாகர் எனப்படும் மென்மையான வகையாகும். லாகர் என்னும் ஜெர்மன் சொல்லுக்கே சேமித்துவைத்தல் என்பது பொருள். குளிர்ந்த குகைகளில் மாதக்கணக்கிற் சேமித்து முதிரவைக்கும் பழைய வழக்கத்திலிருந்து அப்பெயர் வந்தது. சேமிப்பெல்லாம் காய்ச்சுசாலையிலேயே முடிந்துவிடுவதால், வீட்டிற் சேமிப்பதனால் அதற்கு எவ்விதப் பயனும் இல்லை. இந்தியாவின் பெயரைத் தாங்கிய பேல் ஏல் இந்தியாவை விட்டு அகன்று, குளிர் நாடுகளின் பானமாகவே தங்கிவிட்டது. வெப்ப நாடுகளில் லாகரோடு நிலைத்து நின்றது, பழைய போட்டரின் வழிவந்த வலிய கரும்பீராகிய ஸ்டவுட்டேயாகும். இலங்கையிலும் அது இன்றுவரை காய்ச்சப்பட்டு வருகின்றது.

வெப்ப நாட்டிலே வீட்டில் ஒரு போத்தலை வைத்துக் காக்க விரும்புவோருக்கு இவ்வரலாறு சில தெளிவான பாடங்களைத் தருகின்றது. எல்லாப் பீரும் முதிர்வதற்கு உரியதன்று. மதுசாரம் மிகுந்த கரும்பீர்களும், போத்தலிலேயே மதுவம் உயிரோடிருக்கும் வலிய பீர்களுமே ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து நலம்பெறும். மற்றவை நாளுக்கு நாள் தேயும். ஹொப்பின் நறுமணத்தையே சிறப்பாகக் கொண்ட பீரும் இன்று புதிதாகவே குடிக்கப்படுகின்றது. அம்மணமே முதலில் மறைவது. காக்க வேண்டிய போத்தலை இருளிலும், பத்து முதற் பதின்மூன்று பாகை வரையிலான மாறாத குளிர்ச்சியிலும், நிமிர்த்தி வைத்தல் வேண்டும். குளிர்ச்சாதனம் இல்லாத வீட்டில், மேற்கு வெயில் படாத உள்ளறையின் தரைமட்டத் தட்டு, கூரையின் கீழுள்ள மேற்றட்டைவிட நன்று. ஆனால் அங்கும் மாதக்கணக்கு உண்டே தவிர ஆண்டுக்கணக்கு இல்லை. இருநூறு ஆண்டுக்கு முன்னர் கல்கத்தாப் பண்டகசாலைக்காரர் இழப்பினாற் கற்ற பாடமும் இதுவே.

இவ்வரலாற்றிற் பெயர்கள் நிறைய வருகின்றன. ஹொட்ஜ்சன், அல்சொப், பாஸ் ஆகியோரின் பெயர்களைச் சுட்டுத்தாள்கள் உலகெங்கும் கொண்டுசென்றன. டியூடரின் பெயரை வணிக வரலாறும், பாஸ்டர், லிண்டே, ஹான்சன் ஆகியோரின் பெயர்களை விஞ்ஞான வரலாறும் போற்றுகின்றன. கடுங்கோடையில் வெடியுப்பு நீரிற் போத்தலைச் சுழற்றிய ஆப்தார் ஒருவரின் பெயரேனும் அவற்றோடு சேர்த்து நினைக்கப்படுவதில்லை. பனிக்கட்டிக் கப்பல் வந்தபோது அவரது கைத்திறன் விலையிழந்தது. பனிக்கட்டி இயந்திரம் வந்தபோது கப்பலும் விலையிழந்தது. கப்பலின் கணக்கு ஏடுகளில் எஞ்சியுள்ளது. ஆப்தாரின் கைக்கணக்கு அவரோடு போயிற்று. அபுல் பசல் எழுதிவைத்த சில வரிகள் இல்லாவிடின், அவர் எத்தனை சேர் உப்பை எத்தனை சேர் நீரிற் கரைத்தார் என்பதும் இன்று தெரியாமற் போயிருக்கும்.

பனையில் ஏறுபவர் முட்டியிற் சுண்ணாம்பு தடவும்போது, எவ்வளவு தடவினாற் கள் ஆகாது கருப்பநீராக நிற்கும் என்பதைக் கையாலேயே அளக்கின்றார். குறைந்தால் நொதிக்கும், மிகுந்தாற் பனங்கட்டியிற் சுண்ணாம்பு நாவைச் சுடும். கள்ளைப் பின்னாளிற் போத்தலில் அடைக்கத் துணிந்தபோது, பாஸ்டர் வகுத்த சூடாக்கும் முறையே உதவிக்கு வந்தது. அம்முறை நூல்களில் உள்ளது. எவரும் எப்பொழுதும் கற்கலாம். சுண்ணாம்பின் அளவோ இன்னும் கையிலேயே இருக்கின்றது. அக்கை ஓய்வதற்கு முன்னர் அதனைக் கேட்டு எழுதிவைத்தல், ஆப்தாருக்குச் செய்யத் தவறியதை இவருக்கேனும் செய்வதாகும்.